1,749 வெள்ளிக்கு ஒரு கேமிங் மடிக்கணினி: கார்டின் பெயரை விட்டுவிட்டு வாட்டைக் கேட்டோம்

தம்பிக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே வீட்டில் மடிக்கணினிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. படிப்பு அனிமேஷன், அதனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் நன்றாக ஓட வேண்டும். பாடம் முடிந்த பிறகு அவனுக்கு வேலரன்ட், டோட்டா 2, விடுமுறையில் சைபர்பங்க் மாதிரி ஒரு பெரிய கேம். அப்பா சொன்ன வரம்பு 1,800 சிங்கப்பூர் வெள்ளி, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. 2025 மார்ச்சில் வாங்கினோம். பத்து மாதம் தினமும் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன், ஏனென்றால் வாங்கிய வாரத்திலேயே எல்லாம் அருமை என்று எழுதப்படும் மதிப்புரைகளை நம்பி நாங்கள் இரண்டு வாரம் வீணாக அலைந்தோம்.

மாடல் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரே மாடல் பெயரில் மூன்று நான்கு விதமான பெட்டிகள் கடையில் இருக்கும், திரை வேறு, கேமின் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு வேறு, உள்ளே இருக்கும் ரேம் வேறு. பெயரைக் குறித்துக்கொண்டு போனால் நான் சொன்னது ஒன்று, உங்கள் கைக்கு வருவது இன்னொன்று. எனவே உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்: 15.6 அங்குலத் திரை, 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறும்), ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, எடை 2.4 கிலோ. ஜிஎஸ்டி சேர்த்து 1,749 வெள்ளி. பிறகு ரேம் ஒன்று 68 வெள்ளிக்கு வாங்கிப் போட்டோம், மொத்தம் 1,817. மேலே போன அந்த 17 வெள்ளியைத் தம்பி தன் கையிலிருந்து கொடுத்தான், பகுதிநேர வேலையில் சேர்த்த காசு.

அந்த 115 வாட் என்ற எண்தான் இந்த மதிப்புரையே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் இருக்கும் கடைக்குத்தான் போனோம். அங்கே 1,699 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி, மெல்லியது, உலோக உடம்பு, மூலையில் ஆர்டிஎக்ஸ் 4060 ஸ்டிக்கர். தம்பி அதைக் கையில் எடுத்ததும் கீழே வைக்கவே இல்லை. "அக்கா, அதே கார்டுதான், ஐம்பது வெள்ளி கம்மி வேற, இதையே எடுத்துடலாம்." விற்பனையாளரிடம் கார்டு எத்தனை வாட் என்று கேட்டேன். 4060 என்றார். அது தெரியும், எத்தனை வாட்டில் ஓடுகிறது என்றேன். சார்ஜரைப் பார்த்து ஓர் எண் சொன்னார். அவர்மேல் தவறு சொல்ல மாட்டேன், விலை அட்டையிலேயே அந்தத் தகவல் இல்லை. காட்சிக்கு வைத்த பெட்டியில், அந்தக் கார்டைத் தரும் என்விடியா நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைப் பார்த்தோம். அதிகபட்ச சக்தி 75 வாட் என்று இருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், மடிக்கணினிக்கான 4060 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ள என்விடியா தயாரிப்பாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மெல்லிய உடம்பில் சூட்டை வெளியேற்ற வழி குறைவு, ஆகவே அங்கே வாட்டைக் குறைத்து வைப்பார்கள். சிப் அதே சிப், ஆனால் மூச்சுவிட இடமில்லாத சிப். வெளியில் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டுக்கும் ஒன்றுதான். முன்பாவது குறைந்த வாட் கார்டுகளுக்கு மேக்ஸ்-க்யூ என்று தனிப் பெயர் இருந்தது, 30 வரிசை வந்த 2021க்குப் பிறகு அதுவும் போய்விட்டது. இப்போது தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் சின்ன எழுத்தில் டிஜிபி (கார்டுக்குக் கிடைக்கும் மொத்த வாட்) என்று ஓர் எண் இருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில இடங்களில் 140 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது 115 உடன் டைனமிக் பூஸ்ட் 25 (பிராசசருக்குத் தேவைப்படாதபோது கார்டுக்குத் திருப்பிவிடும் வாட்) சேர்த்த கணக்கு. 4060 ஐப் பொறுத்தவரை நூறு வாட்டுக்கு மேல் போனால் பெரிய லாபம் இல்லை. நூறுக்குக் கீழே இறங்க இறங்கத்தான் வலிக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மேசைக்கணினி கார்டும் மடிக்கணினி கார்டும் பெயரில் மட்டும்தான் ஒன்று. மேசைக்கணினி 4070 இல் 12 ஜிபி மெமரி (கார்டுக்கே உரியது, ரேம் வேறு), மடிக்கணினி 4070 இல் 8 ஜிபி. மடிக்கணினி 4060 இலும் அதே 8 ஜிபி! 300, 400 வெள்ளி கூடக் கொடுத்து 4070 வாங்கினால் வேகம் கொஞ்சம் கூடும், மெமரி அப்படியேதான் இருக்கும், பிளெண்டரில் பெரிய காட்சி ஒன்றைத் திறந்தால் இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். புதிய 50 வரிசையிலும் அதே கதை: மடிக்கணினி 5060, 5070 இரண்டுமே 8 ஜிபி, 5070 டிஐ போனால்தான் 12. ஆகவே 1,800 வெள்ளி வரம்பில் இருப்பவர்கள் 4070 க்கோ 5070 க்கோ ஆசைப்பட்டு, அதற்காகத் திரையிலும் ரேமிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நன்றாக வாட் கொடுத்த 4060 அல்லது 5060 போதும்.

அடுத்த சனிக்கிழமை யீஷூனிலிருந்து எம்ஆர்டி ரயில் எடுத்து, நியூட்டனில் மாறி ரோச்சோரில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்துக்குப் போனோம். அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. 2014 இல் அங்கே ஒரு கைபேசிக் கடையில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் மண்டியிட்டுக் கெஞ்சிய காணொளி பரவியதை அவர் இன்னும் மறக்கவில்லை. அம்மாவின் பயம் நியாயமானதுதான், ஆனால் மேல்மாடிகளில் இருக்கும் கணினிக் கடைகளில் எங்களுக்குக் கிடைத்த அனுபவம் வேறு. விலைப் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள், நாலு கடைத் தாளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம், யாரும் முகம் சுளிக்கவில்லை.

நாங்கள் வாங்கிய கடையில் ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு தமிழ்ப் பையன் வேலை செய்தான். வாட் என்று நான் வாயைத் திறந்ததுமே சிரித்துவிட்டான். "அக்கா, இத கேட்டுட்டு வாங்குறவங்க ரொம்பக் கொறவு, எல்லாரும் நம்பரதான் கேப்பாங்க." பிறகு அவனே மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்து, இது 85, இது 105, இது 115 என்று காட்டினான். டஃப், நைட்ரோ, விக்டஸ், லோக், கட்டானா எல்லாம் நம் வரம்புக்குள் வரும் வரிசைகள், லீஜன், ஓமன், பிரிடேட்டர் போனால் உடம்பும் திரையும் நன்றாக இருக்கும், விலை 2,000 ஐத் தாண்டிவிடும் என்று நேராகச் சொன்னான். விலை அதிகமுள்ளதைத் தலையில் கட்டப் பார்க்கவில்லை. பணம் கட்டும் முன் எங்கள் கண்ணெதிரே முத்திரையைப் பிரித்து, திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிக் காட்டி, செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். உள்ளூர் உத்தரவாதம் உள்ள பெட்டிதானா, வெளிநாட்டுச் சந்தைக்கான எக்ஸ்போர்ட் செட்டா என்று கேட்டதற்கு, ரசீதிலேயே உள்ளூர் என்று எழுதிக் கொடுத்தான். இதை எல்லோரும் கேட்டு வாங்குங்கள், வெறும் வாய்வார்த்தையோடு விடாதீர்கள்.

கூடுதல் உத்தரவாதத்துக்குத் தனியாகப் பணம் கட்டவில்லை. இங்கே சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து லெமன் சட்டம் இருக்கிறது: வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. சரிசெய்து தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும், அதுவும் நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். கடை கேட்காவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை போகலாம். கேரசல் இணையச் சந்தையில் பழைய பெட்டி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும், லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் உண்டு, ஆனால் விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும், பக்கத்து புளோக் பையன் தன்னுடையதை விற்றால் அது பொருந்தாது.

திரைக்கு வருகிறேன். இங்கேதான் தயாரிப்பாளர்கள் சத்தமில்லாமல் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும், பக்கத்தில் 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்று சின்னதாக இருக்கும், என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எத்தனை வண்ணங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். அப்படியென்றால் வண்ணம் வெளிறிப்போயிருக்கும், எஸ்ஆர்ஜிபி கணக்கில் சுமார் 60 விழுக்காட்டைத்தான் அது தொடும். சிவப்புச் சேலை செங்கல் நிறத்தில் தெரியும். வேலரன்ட் மட்டும் ஆடுகிறவனுக்கு அது பரவாயில்லை, அனிமேஷன் படிப்பவனுக்கு முடியவே முடியாது, வகுப்பில் பெரிய திரையில் போடும்போது தன் வேலையே தனக்கு அடையாளம் தெரியாது. எங்கள் பெட்டியில் 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி, பிரகாசம் 300 நிட்ஸ். வீட்டுக்குள் அது போதும், கோப்பிக் கடையில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அது இருந்தால் கார்டு நேராகத் திரைக்குப் படம் அனுப்பும், இல்லாவிட்டால் பிராசசரோடு சேர்ந்த சின்னக் கார்டு வழியாகச் சுற்றிப் போகும், வேகமான கேமில் அந்தச் சுற்றுவழி தெரியும்.

ரேம் பற்றி அதிகம் இல்லை. 16 ஜிபி ஒரே குச்சியாக வந்தது, இரண்டாவது இடம் காலி. இரண்டு குச்சி இருந்தால்தான் இரு தடத்தில் ஓடும், எனவே அன்றே அதே கட்டடத்தில் இன்னொரு 16 வாங்கிப் போட்டோம். டோட்டாவில் கூட்டமாகச் சண்டை நடக்கும்போது வந்த திக்கல் அதோடு நின்றது. 512 ஜிபி எஸ்எஸ்டி மூன்றே மாதத்தில் நிரம்பிவிட்டது, இன்னொன்று போட உள்ளே இடம் இருப்பது நல்லதாகப் போயிற்று.

இப்போது, வாங்கும் முன் எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம்: சத்தம்.

எங்களுடையது நாலறை வீடு. தம்பியும் பாட்டியும் ஒரே அறையில் தூங்குகிறார்கள், அவன் மேசைக்கும் பாட்டி கட்டிலுக்கும் நடுவில் நான்கு அடி இருக்கும். பாட்டி ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார், தம்பியின் நண்பர்கள் ஆட்டத்துக்கு வருவது பத்து மணிக்கு. முதல் வாரம் அவன் முழு வேகத்தில் ஓட்டியபோது கைபேசிச் செயலியில் அளந்து பார்த்தேன், அவன் உட்கார்ந்த இடத்தில் 52 டெசிபல். மிக்சி மாதிரி இல்லை, ஆனால் நிற்காமல் ஓடும் காற்றுச் சத்தம், பழைய மேசை விசிறியை மூன்றில் வைத்த மாதிரி. பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் வரவேற்பறைச் சோபாவில் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தம்பி அழுதேவிட்டான்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து காரணத்தைத் தேடினோம். வேலரன்ட் கார்டுக்குப் பெரிய வேலை கொடுக்கிற கேமே இல்லை, ஆனால் எல்லை வைக்காவிட்டால் அது விநாடிக்கு 250, 300 ஃபிரேம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். திரை காட்டுவதோ 144. மிச்சமெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் அறைக்குள் வந்து விழுகிறது. கேமின் செட்டிங்கில் 144 க்கு எல்லை வைத்தோம், கார்டை அமைதி நிலைக்கு மாற்றினோம், 41 டெசிபலுக்கு இறங்கியது, ஆட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்று அவனே சொன்னான். டோட்டாவுக்கும் அப்படியே. சைபர்பங்க் மட்டும் அமைதி நிலையில் திணறுகிறது, அதை அவன் விடுமுறையில் பகலில், பாட்டி தேக்காவுக்குக் கிளம்பிப் போன நேரமாகப் பார்த்து ஆடுகிறான். முழு வேகத்தில் டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டும் என்விடியா வசதி) போட்டு 70, 80 ஃபிரேம் வருகிறது. பாட்டி பழையபடி தன் கட்டிலுக்கு வந்துவிட்டார்.

இதனால்தான் வாட் கூடிய பெட்டியை வாங்கச் சொல்கிறேன். கேட்டால் முரணாகத் தோன்றும், வாட் கூடினால் சத்தம் கூடுமே என்று. ஆனால் 115 வாட்டுக்குச் செய்த உடம்பில் செம்புக் குழாய்களும் விசிறிகளும் பெரிதாக இருக்கின்றன, அதை 60 வாட்டில் ஓட்டினால் மெதுவாகச் சுற்றியே சமாளித்துவிடும். 75 வாட்டுக்குச் செய்த மெல்லிய உடம்பு அதே 60 வாட்டுக்கு மூச்சு வாங்கும். மதிப்புரைகளில் பாதி குளிரூட்டிய அறையில் எடுத்த கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். இங்கே ஏர்கான் போடாத அறையில் 30, 31 டிகிரி இருக்கும், அந்தக் காற்றைத்தான் அது உள்ளே இழுக்கிறது. எங்கள் அறையில் ஏர்கான் இல்லாமல் பிராசசர் 92 டிகிரி வரை போகிறது, பின்பக்கத்தைத் தூக்கி வைக்கும் ஸ்டாண்டு போட்டதும் நாலைந்து டிகிரி குறைந்தது. படுக்கைமேல் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டோம், மெத்தை அடிக்காற்றை அடைத்துவிடும். மின்சாரம் பற்றி அப்பா கவலைப்பட்டார், 200 வாட்டில் நாலு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட்கூட ஆகாது, 25 காசு பக்கம் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் சரி என்றார்.

இணையம் பற்றிக் கொஞ்சம். வேலரன்டுக்கும் டோட்டாவுக்கும் சர்வர் இந்த ஊரிலேயே இருக்கிறது, வீட்டு ஃபைபரில் பத்து மில்லிவிநாடிக்குள் பதில் வருகிறது. அதை வைஃபையில் வீணாக்காமல் கேபிள் செருகி ஆட வேண்டும், ஆகவே லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள், மெல்லிய பெட்டிகள் சிலவற்றில் அது இல்லை.

பேட்டரி 60 வாட் மணி. கேமை மறந்துவிடுங்கள், சார்ஜர் இல்லாமல் கார்டு பாதி வேகத்துக்குக்கூட வராது, ஒரு மணி நேரத்தில் தீர்ந்தும் போகும். பாடக் குறிப்பு எடுக்க, இணையம் பார்க்க நாலு மணி நேரம் தாங்குகிறது. கூட வந்த சார்ஜர் ஒரு செங்கல், அதைத் தூக்கிக்கொண்டு காலை எட்டு மணி ரயிலில் நிற்பது கொடுமை. டைப்-சி வழியாக 100 வாட் வரை சார்ஜ் ஏறும் என்பதால் சின்னச் சார்ஜர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், வகுப்புக்கு அது போதும். இந்த வசதி எல்லாப் பெட்டியிலும் கிடையாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டில் எப்போதும் செருகியே இருப்பதால் சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் தேர்வைப் போட்டு வைத்திருக்கிறோம்.

குறை ஒன்று வந்தது. இரண்டாம் மாதம் இடப்பக்க விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனோம், முதலில் தூசி என்றார்கள், இரண்டு மாதத்தில் அவ்வளவு தூசியா என்று கேட்டு, முன்பே எடுத்து வைத்திருந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எட்டு நாள் ஆயிற்று, விசிறியை மாற்றிக் கொடுத்தார்கள், பணம் வாங்கவில்லை. அந்த எட்டு நாளும் ஒப்படைப்பு வேலையைத் தம்பி கல்லூரி ஆய்வகத்தில் செய்தான். கோளாறு எது வந்தாலும் முதலில் கைபேசியில் பதிவு செய்யுங்கள், நிலையத்துக்குப் போகும்போது மட்டும் அது நல்ல பிள்ளையாக இருக்கும்.

படிப்புக்கு எப்படி என்றால், முதல் பருவத்தின் கடைசி வேலைக்கு 250 ஃபிரேம் காட்சி ஒன்றைப் பிளெண்டரில் ரெண்டர் செய்தான், ஃபிரேமுக்கு இருபது விநாடி, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மெல்லிய மடிக்கணினி வைத்திருக்கும் அவன் தோழி இரவெல்லாம் விட்டுவிட்டுத் தூங்கியதாகச் சொன்னாள். 8 ஜிபி மெமரி ஒருமுறைதான் போதவில்லை, பெரிய டெக்ஸ்சர் படங்களைக் குறைத்த பிறகு ஓடியது.

வேலரன்ட், டோட்டா தவிர வேறொன்றும் ஆடாதவருக்கு நாங்கள் வாங்கியபோது 1,400 வெள்ளிப் பக்கம் கிடைத்த 4050 தாராளம், அதில் 6 ஜிபி மெமரிதான், ஆனால் இந்த இரண்டு கேமுக்கும் அது தேவைப்படாது. மடிக்கணினியை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகவே மாட்டேன் என்பவர் தயவுசெய்து மேசைக்கணினி வாங்குங்கள், அதே காசுக்கு அமைதியாகவும் வேகமாகவும் இருக்கும், ஐந்து வருடம் கழித்துக் கார்டை மட்டும் மாற்றலாம்.

போன வாரம் மாமா மகள் கூப்பிட்டாள், அவளும் ஏப்ரலில் சேர்கிறாள், அதே மாதிரி 16 ஜிபி பெட்டி வாங்கி ரேமைத் தனியாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது, நாங்கள் 68 வெள்ளிக்கு வாங்கிய குச்சி இப்போது அந்த விலைக்குக் கிடையாது, அதனால் 32 ஜிபி போட்டே வரும் பெட்டியாகப் பார், அதற்கு நூறு வெள்ளி கூடினாலும் கொடு, கார்டு 5060 போதும், வாட்டை மட்டும் நூறுக்குக் கீழே விடாதே என்று சொன்னேன். சனிக்கிழமை சிம் லிம்முக்குத் தம்பியும் அவளோடு போகிறான்.